ஒரே பெட்டியில் எல்லா கேமும் வருமா? போட்டி கன்சோல் நிறுவனங்கள் கைகோர்ப்பது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கி இங்கேயே எழுதிவிடுகிறேன். உங்களிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, தம்பியிடம் எக்ஸ்பாக்ஸ், சித்தப்பா மகளிடம் நிண்டெண்டோ ஸ்விட்ச். மூவரும் வேளச்சேரியில் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தும் பாதி கேம்களைச் சேர்ந்து ஆட முடியவில்லை. ஆகவே சோனியும் மைக்ரோசாஃப்டும் நிண்டெண்டோவும் என்றைக்காவது கைகோர்த்து ஒரே கன்சோலைக் கொண்டுவருமா என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில், அந்த நிறுவனங்கள் தங்களுக்குள் எப்படிப் பழகுகின்றன என்பது உங்கள் கவலை அன்று. ஒரு பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் எல்லா கேமையும் எல்லோருடனும் ஆடும் காலம் வருமா என்பதே நீங்கள் அறிய விரும்புவது. நிறுவனங்கள் சேர்ந்து இயங்குமா என்றால், பல வருடங்களாகவே சேர்ந்துதான் இயங்குகின்றன. ஒரே பெட்டி வருமா என்றால், வராது என்றே நினைக்கிறேன். ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் கேம் போர்ட்டிங் துறையில், அதாவது ஒரு தளத்துக்கு எழுதப்பட்ட கேமை மற்ற கன்சோல்களில் ஓட வைக்கும் வேலையில், பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கன்சோல்களின் உட்புறமும் அவற்றின் சோதனை விதிகளும் எனக்குப் பழக்கம். ஒப்பந்தம் பேசும் அறைகளில் நான் உட்கார்ந்ததில்லை. எனவே நிறுவனங்களுக்கு இடையே நடந்தவற்றைப் பற்றிச் சொல்லும்போது நீதிமன்றப் பதிவு, பகிரங்க அறிவிப்பு, சம்பந்தப்பட்டவர்களே பின்னாளில் சொன்னது ஆகியவற்றை மட்டுமே நம்புகிறேன். வருங்காலத்தைப் பற்றி நான் சொல்வதை ஒரு தொழில்காரனின் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. 2019 ஜூனில், சீனாவிலிருந்து வரும் கன்சோல்களுக்குக் கூடுதல் வரி விதிக்க அமெரிக்க அரசு முனைந்தபோது, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ, சோனி மூன்றும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தன. 2018 இல் அமெரிக்காவுக்கு இறக்குமதியான கன்சோல்களில் 96 சதவீதத்துக்கும் மேல் சீனாவில் தயாரானவை என்று அந்தக் கடிதம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், காசு கொடுத்து வாங்கும் 'லூட் பாக்ஸ்' பெட்டிகளில் எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவர மூன்றும் ஒப்புக்கொண்டன. 2020 டிசம்பரில், ஆடுபவர்களின், குறிப்பாகச் சிறுவர்களின், பாதுகாப்புக்கான கோட்பாடுகளைக் கூட்டாக வெளியிட்டன. இன்னும் பின்னால் போனால், 1993 இறுதியில், கேம்களில் வரும் வன்முறை பற்றிய அமெரிக்க செனட் விசாரணையில், அன்று கன்சோல் தயாரித்த செகாவும் நிண்டெண்டோவும் ஒன்றையொன்று நேருக்கு நேர் குற்றம் சாட்டிக்கொண்டன. அரசே தணிக்கை செய்துவிடும் என்ற அச்சம் வந்ததும், 1994 இல் அந்தத் துறை முழுவதும் சேர்ந்து வயது வாரியாகத் தரம் பிரிக்கும் அமைப்பை உருவாக்கிக்கொண்டது. வெளியிலிருந்து பொது ஆபத்து வரும்போது இவர்கள் இப்படிப் பலமுறை சேர்ந்திருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒற்றுமை இன்னும் வெளிப்படை. எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, நிண்டெண்டோ வீ மூன்றுக்கும் மையச் செயலியை வடிவமைத்ததில் ஐபிஎம் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. சோனியும் தோஷிபாவும் பணம் போட்டு ஐபிஎம்முடன் சேர்ந்து 'செல்' என்ற சிப்பை உருவாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மிடமே போய்த் தன் சிப்பை வடிவமைத்துக்கொண்டது. 2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் ஏஎம்டி நிறுவனத்தின் ஒரே குடும்பச் செயலி. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் மீண்டும் ஏஎம்டி, இரண்டும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையிலிருந்து வந்தவை. பிளேஸ்டேஷன் 3 காலத்தில் ஒரு கேமை மாற்றுவது உயிரை வாங்கும் வேலை. அதன் சிப்பில் ஒரு முதன்மைப் பகுதியும் கேமுக்குக் கிடைக்கும் ஆறு துணைப் பகுதிகளும் இருந்தன. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து அந்த ஆறுக்கும் நாமே கையால் ஊட்ட வேண்டும். இன்று அந்தச் சிக்கல் இல்லை. வரைகலைக்கான நிரல் இடைமுகம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுதான் என்றாலும், அன்ரியல், யூனிட்டி போன்ற எஞ்சின்கள், அதாவது கேம்களை உருவாக்க உதவும் ஆயத்த மென்பொருள்கள், அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியைத் தாமே சமாளித்துவிடுகின்றன. எனவே "தொழில்நுட்பம் ஒத்துவராது, அதனால்தான் ஒரே பெட்டி வரவில்லை" என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

மிச்சம் இருக்கும் வேறுபாடுகளில் பல, வேண்டுமென்றே காக்கப்படுபவை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நிண்டெண்டோ கைப்பிடியில் 'ஏ' பொத்தான் வலப்பக்கம் இருக்கும், எக்ஸ்பாக்ஸில் அதே 'ஏ' கீழே இருக்கும். பிளேஸ்டேஷனில் எழுத்தே கிடையாது; பெருக்கல் குறி, வட்டம், சதுரம், முக்கோணம். இதோடு, ஜப்பானில் பிளேஸ்டேஷன் 4 வரை 'சரி' என்பதற்கு வட்டம், வெளிநாடுகளில் பெருக்கல் குறி. பிளேஸ்டேஷன் 5 வந்த பிறகுதான் உலகம் முழுவதும் பெருக்கல் குறி என்று ஆனது. கேமுக்குள் எங்கோ ஒரு மூலையில், உதவித் திரையின் மூன்றாம் பக்கத்தில், வேறு கன்சோலின் பொத்தான் படமோ பெயரோ தப்பித் தவறி நின்றுவிட்டால், கன்சோல் நிறுவனத்தின் சான்றுச் சோதனையில் அந்தப் பதிப்பு திரும்பி வந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் சோதனைக் கருவியும் தனித்தனியாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் கையேட்டை மற்றதன் குழுவினர் பார்க்கக் கூடாது. உள்ளே ஓடுவது கிட்டத்தட்ட ஒரே சிப் என்பது எல்லோருக்கும் தெரிந்தாலும் இந்த விதிகளில் தளர்வு கிடையாது.

இதற்கெல்லாம் மூலகாரணம் கல்லாப்பெட்டி. கன்சோல் என்ற பெட்டியை விற்று லாபம் பார்ப்பது பொதுவாக இந்தத் தொழிலின் நோக்கம் அன்று. எக்ஸ்பாக்ஸ் கருவியை ஒருபோதும் லாபத்தில் விற்றதில்லை என்று 2021 மே மாதத்தில், ஃபோர்ட்நைட் கேமை வெளியிடும் எபிக் நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில், மைக்ரோசாஃப்ட் அதிகாரி லோரி ரைட் நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். நிண்டெண்டோ இதில் சற்று வேறுபட்டது. கருவியிலும் லாபம் பார்ப்பதே அதன் பழைய வழக்கம். ஆனால் மூவருக்கும் பெரிய வருமானம், தங்கள் கடை வழியாக விற்கும் ஒவ்வொரு கேமிலும் எடுக்கும் பங்குதான். அது வழக்கமாக நூற்றுக்கு 30. இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு ஒரு கேமை நீங்கள் டிஜிட்டலாக வாங்கினால், வரி போக எஞ்சுவதில் 1,200 ரூபாய்க்கு மேல், அந்தக் கேமில் ஒரு வரி நிரல்கூட எழுதாத கன்சோல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. கேமுக்குள் வாங்கும் உடை, ஆயுதம், மாதச் சந்தா எல்லாவற்றிலும் இதே கணக்கு. நம் ஊரில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் 2007 இல் சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கோபுரங்களைப் பகிர்ந்துகொண்டன. ஆனால் சிம் கார்டையும் மாதக் கட்டணத்தையும் ஒருவரும் பகிர்ந்துகொள்ளவில்லை. கன்சோல் நிறுவனங்களும் கோபுரம் போன்றவற்றில் தாராளமாகச் சேரும். 2019 மே மாதத்தில், தன் இணையவழி கேம் சேவைக்கு மைக்ரோசாஃப்டின் அஷூர் என்ற இணைய சர்வர் வசதியைப் பயன்படுத்துவது பற்றி ஆராய்வதாகச் சோனி புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்ததும் அவ்வகைதான். வாடிக்கையாளர் யாருடையவர், கல்லா யாருடையது என்ற இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

இதற்கு வரலாற்றிலேயே பெரிய சான்று, பிளேஸ்டேஷன் பிறந்த கதை. சோனியின் பொறியாளர் கென் குதராகி, நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கு ஒலிச் சிப்பை வடிவமைத்துக் கொடுத்தார். 1990 இல் வெளிவந்த அந்தக் கன்சோலின் இசைக்குக் காரணம் அதுதான். 1988 இல் இரு நிறுவனங்களும் இன்னும் ஒரு படி மேலே போய், அதற்குக் குறுந்தகடு இயக்கியைச் சோனி செய்வது என்றும், இரண்டையும் சேர்த்த ஒரு கருவியைச் சோனியே தன் பெயரில் விற்கலாம் என்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதாவது நீங்கள் கேட்கும் கூட்டுப் பெட்டி, காகிதத்தில் ஒருமுறை பிறந்தேவிட்டது. ஆனால் குறுந்தகட்டில் வரும் கேம்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் சோனியிடம் போகும்படி அந்த ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதன் விளைவை உணர்ந்ததும், தன் மருமகன் மினோரு அரகாவாவையும் ஹோவர்ட் லிங்கனையும் நெதர்லாந்துக்கு அனுப்பி பிலிப்ஸ் நிறுவனத்துடன் பேச வைத்தார். 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி தன் 'பிளே ஸ்டேஷன்' கருவியைப் பெருமையுடன் அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில், நாங்கள் பிலிப்ஸுடன் சேர்கிறோம் என்று நிண்டெண்டோ அறிவித்தது. ஒரு ஜப்பானிய நிறுவனம் இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தை உலகத்தின் முன் இப்படிக் கைவிட்டது அன்று பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். சோனி 1994 டிசம்பரில் தனியாகவே பிளேஸ்டேஷனை வெளியிட்டு, 10 கோடிக்கும் மேல் விற்றது. குறுந்தகட்டுக்கு மாறாமல், கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜிலேயே தங்கிய நிண்டெண்டோ 64 கன்சோல் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டியது. பிலிப்ஸுடன் போட்ட ஒப்பந்தத்தால் விளைந்தவை, அதன் சிடி-ஐ கருவிக்கு வந்த சில மரியோ, செல்டா கேம்கள் மட்டுமே. அவற்றை நிண்டெண்டோ ரசிகர்கள் இன்றும் மதிப்பதில்லை. அந்தக் கூட்டு முயற்சியின் மாதிரிக் கருவி ஒன்று 2015 இல் வெளிச்சத்துக்கு வந்து, 2020 மார்ச்சில் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது. தன்மானம், கோபம், துரோகம் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. அவையும் இருந்திருக்கலாம். ஆனால் பதிவில் இருப்பதை வைத்துப் பார்த்தால், பொறியாளர்கள் நன்றாகவே ஒத்துப்போனார்கள், கருவியும் உருவாகியது, உரிமத் தொகை யாருக்கு என்ற ஒரே இடத்தில் அது உடைந்தது. பிலிப்ஸும் சோனியும் போட்டியாளர்களாக இருந்தும் குறுந்தகட்டுத் தரத்தையே சேர்ந்து உருவாக்கியவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அங்கே உரிமப் பங்கு இருவருக்கும் கிடைக்கும்படி வகுக்கப்பட்டிருந்ததால் கூட்டு நிலைத்தது. செகாவும் சோனியும் சேர்ந்து ஒரு கன்சோல் செய்யப் பேசியதாக, அமெரிக்கச் செகாவின் அன்றைய தலைவர் டாம் கலின்ஸ்கி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது பெரும்பாலும் அவர் ஒருவரின் நினைவை நம்பி நிற்பதால், நான் அதை உறுதியான சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

யாருக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம் ஒன்றை வகுத்து, அதை எவர் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று விட்டால் என்ன என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். அதுவும் முயன்று பார்க்கப்பட்டதுதான். ட்ரிப் ஹாக்கின்ஸ் தொடங்கிய 3டிஓ நிறுவனம், வடிவமைப்பை மட்டும் தான் வைத்துக்கொண்டு, பானசோனிக், கோல்ட்ஸ்டார், சான்யோ போன்றவற்றுக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தது. கேம் எழுதுபவர்களிடம் தகட்டுக்கு 3 டாலர் மட்டுமே வாங்கியதால் அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் கேம் விற்பனையில் பங்கில்லாத பானசோனிக் தன் லாபத்தைப் பெட்டியின் விலையில்தானே எடுக்க முடியும்? 1993 அக்டோபரில் அது 699 டாலருக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில் பிளேஸ்டேஷன் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்தபோது 3டிஓவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இன்று உங்கள் வீட்டுக் கன்சோல் அதே திறனுள்ள பிசியைவிட மலிவாக இருப்பதற்கும், அதன் கடையில் நீங்கள் சிறைப்பட்டிருப்பதற்கும் காரணம் ஒன்றே. கூட்டுப் பெட்டி கேட்பவர்கள், அதற்கான முழு விலையைத் தாங்களே கொடுக்க நேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பிசி கட்டிய யாருக்கும் அந்த விலை தெரியும்.

அப்படியானால் சுவர்கள் இடியவே இடியாதா என்றால், இடிகின்றன. தோற்றவர் பக்கத்திலிருந்து இடிகின்றன. தன் ட்ரீம்காஸ்ட் கன்சோல் விற்பனையில் சரிந்ததால், 2001 ஜனவரியில் கன்சோல் தயாரிப்பை விடுவதாகச் செகா அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், பத்தாண்டுகள் நிண்டெண்டோவின் மரியோவுக்கு எதிரியாக இருந்த செகாவின் கேம் நாயகன் 'சோனிக்', நிண்டெண்டோ கருவியில் ஓடத் தொடங்கியது. இப்போது அதே போக்கின் மெதுவான வடிவத்தை மைக்ரோசாஃப்டிடம் பார்க்கிறோம். 2024 இல் நான்கு கேம்களை மற்ற கன்சோல்களுக்குக் கொடுத்தது. 2025 ஏப்ரலில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 26 அன்று, எக்ஸ்பாக்ஸின் அடையாளமாக இருந்த கியர்ஸ் ஆஃப் வார் பிளேஸ்டேஷனுக்கும், சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. என் போன்றவர்களுக்கு அது சாதாரண நாள் அன்று. பெட்டியை விற்பதைவிடக் கேமை எல்லா இடத்திலும் விற்பது லாபம் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்துவிட்டால், அதன் பிறகு நட்பு ஒப்பந்தம் எதுவும் தேவைப்படுவதில்லை.

சுவரை இடிக்க வல்ல இன்னொரு ஆள், எவராலும் தவிர்க்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்ட கேம். 2018 ஜூனில் ஃபோர்ட்நைட் ஸ்விட்சுக்கு வந்தபோது, பிளேஸ்டேஷன் 4இல் ஒருமுறை இணைத்த கணக்கை அங்கே திறக்கவே முடியவில்லை. பிள்ளைகள் கொதித்தார்கள், நிண்டெண்டோவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து, மைன்கிராஃப்டைக் கன்சோல் கடந்து ஆடலாம் என்று விளம்பரமே வெளியிட்டன. செப்டம்பரில் சோனி இறங்கி வந்தது. ஆனால் எப்படி இறங்கி வந்தது என்பது 2021 இல் அந்த எபிக் வழக்கில்தான் வெளியே தெரிந்தது. ஒருவர் பெரும்பாலும் பிளேஸ்டேஷனில் ஆடிவிட்டு, செலவை மட்டும் வேறு தளத்தில் செய்தால், அந்த இழப்புக்கு ஈடாகக் கேம் நிறுவனம் சோனிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சேர்ந்து ஆட அனுமதித்தார்கள். கல்லாவில் கைவைக்க அனுமதிக்கவில்லை.

சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கால் ஆஃப் டியூட்டி கேமை வெளியிடும் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 68.7 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்து, அமெரிக்க, பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்புகளுடன் போராடி, 2023 அக்டோபரில்தான் முடிக்க முடிந்தது. நிண்டெண்டோவுக்கும் சோனிக்கும் கால் ஆஃப் டியூட்டியைப் பத்தாண்டுகளுக்குத் தருவதாக ஒப்பந்தம் போட வைத்ததும் அந்த நெருக்கடிதான். ஒரே ஒரு கேம் நிறுவனத்தை வாங்கவே இவ்வளவு என்றால், மூன்று போட்டியாளர்களும் சேர்ந்து ஒரே கன்சோல் என்று போய் நின்றால் எந்த நாட்டு ஆணையமும் எளிதில் விடாது. விடவும் கூடாது என்பது என் கருத்து. மாற்றுக் கடை இல்லாத இடத்தில் 30 சதவீதம் 40 ஆனாலும் நாம் எங்கே போய் முறையிடுவது?

இனி என் கணிப்பு. மைக்ரோசாஃப்ட் மெல்ல மெல்ல, பெட்டி எதுவானாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு நகரும் என்று ஓரளவு துணிவுடன் சொல்வேன். 2025 அக்டோபரில் அசூஸ் தயாரிப்பில் எக்ஸ்பாக்ஸ் பெயருடன் வந்த கைக்கருவி விண்டோஸில் ஓடுகிறது, அதில் ஸ்டீம் என்ற வேறு நிறுவனத்தின் பிசி கேம் கடையையும் திறக்கலாம். சோனி, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களை வெளியே கொடுக்கும். தனியாள் கதைக் கேம்களை எக்ஸ்பாக்ஸுக்குக் கொடுக்குமா என்பதில் எனக்குப் பெரும் ஐயம். நிண்டெண்டோ தன் மரியோவையும் செல்டாவையும் வேறு கன்சோலுக்குக் கொடுக்கும் நாள், அதன் சொந்தக் கருவி படுதோல்வி அடைந்தால் ஒழிய வராது. ஸ்விட்ச் 2 விற்கும் வேகத்தைப் பார்த்தால் அதற்கான அறிகுறியே இல்லை.

உங்கள் வீட்டு நிலைமைக்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கேமை வாங்கும் முன், அது மூன்று கருவிகளிலும் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், இரண்டு விஷயங்களைத் தனித்தனியே பாருங்கள்: வேறு கன்சோல்காரருடன் சேர்ந்து ஆட முடியுமா, உங்கள் முன்னேற்றமும் வாங்கிய பொருள்களும் கணக்குடன் சேர்ந்து வருமா. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத கேம்கள் பல. இரண்டும் இருந்தாலும், பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிய கேமைத் தம்பியின் எக்ஸ்பாக்ஸில் மறுபடி விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே மூவரும் சேர்ந்து ஆட விரும்பினால், ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் போல இலவசமாகக் கிடைத்து மூன்றிலும் ஓடுபவற்றிலிருந்து தொடங்குங்கள். கணக்கை முதலில் கேம் நிறுவனத்தின் தளத்தில் திறந்து, பிறகு மூன்று கன்சோல்களையும் அதனுடன் இணைத்துக்கொள்ளுங்கள்.